மெத்தை போட்ட ஃபோர் வீலு

வாடா பேராண்டி, திண்ணையில குந்து. வண்டி வாங்கப் போறியாமே, செஞ்சி ரோட்டு டீக்கடை வரைக்கும் சேதி வந்துடுச்சி. ரெண்டாங்கை பொலிரோ கேம்பர், அதுலயும் ஃபோர் வீலு. பின்னால தொட்டி மேல பலகையில ரூம்பு கட்டி, உள்ள மெத்தை, காஸ் அடுப்பு, நீலக் கலர்ல எரியற விளக்கு. கூரை மேல மடக்குக் கூடாரம் வேற. கீழ்பென்னாத்தூர்ல மழை வந்தா ஒழுகாத வூடு எதுன்னு நாங்க எண்ணிக்கினு இருக்கோம். உனக்கு ஓடற வூடு வேணுமாம். ரொம்ப சந்தோசம்.

எங்க போவப் போற? ஜவ்வாது மலைக்கா? ஜமுனாமரத்தூருக்குக் கவர்மெண்டு பஸ்ஸே ஏறுது. அதுக்கு நாலு சக்கரமும் இழுக்கல, டிரைவரும் அதுக்காக அழுவல. காப்புக்காட்டுக்குள்ள வண்டிய நிறுத்திட்டு நட்சத்திரம் பாத்துக்கினு தூங்கலாம்னு நெனச்சியா? அனுமதி இல்லாம பூந்தா வனத்துறைக்காரங்க வந்து எழுப்புவாங்க, கையில கேஸு நோட்டோட. மல்லாட்டைக் கொல்லைக்கு மழைக்காலத்துல உரமூட்ட கொண்டு போவணும்னா ஃபோர் வீலு வேலைக்காவும், ஒத்துக்கறேன். ஒரு டன்னு சுமக்கற வண்டி அது. ஆனா மெத்தைய உள்ள போட்டுட்டு மூட்டைய எங்கடா வெப்ப, உன் மடியிலயா?

சரி, ஆசைப்பட்டுட்ட. தீபத் திருவிழா மாட்டுச்சந்தைக்குப் போனவன் யாராவது சலங்கையப் பாத்து மாடு புடிச்சிருக்கானா? வாயத் தொறந்து பல்லப் பாப்பான், நடக்கவிட்டுக் குளம்பப் பாப்பான், அப்புறம்தான் துண்டுக்குள்ள விரலப் புடிப்பான். நீ போன்ல படம் புடிச்சிக்கினு வந்தது அத்தினியும் சலங்கை. மெத்தை, விளக்கு, கூடாரம். வண்டிக்கு அடியில ஒரு படம்கூட இல்ல.

விக்கறவன் உன்ன மத்தியானம் மூணு மணிக்கு வரச் சொன்னான் இல்ல? தங்கமான மனுசன். காலையிலயே ஓட்டி சூடாக்கி வெச்சிருப்பான், சாவியத் தொட்டதும் புடிச்சிக்கும். நீ மரியாதை தெரிஞ்ச புள்ள, சொன்ன நேரத்துக்கே போ. மரியாதை கெட்டவனா இருந்தா விடியக்காலம் போயி நின்னு, பானட்டு மேல கைய வெச்சி, சில்லுனு இருக்குதான்னு பாத்துட்டுத்தான் சாவி கேப்பான். 2523 சிசி டீசல் இன்ஜினு. ஆறிக் கெடக்கும்போது எடுத்தா அதோட வயசு வெளிய வந்துடும். நீலப் புகை வந்தா ஆயிலக் குடிக்குது. கரும்புகை நிக்காம வந்தா பம்பையோ இன்ஜெக்டரையோ பாக்கணும். சூடானப்புறமும் வெள்ளைப் புகை அடங்காம, ரேடியேட்டர்லயும் தண்ணி கொறஞ்சிதுன்னா, ஹெட்டக் கழட்டற செலவு காத்துக்கினு இருக்குது. வண்டி ஓடும்போதே ஆயில் ஊத்தற மூடியத் தொற. காத்து பொசுபொசுன்னு தள்ளிச்சின்னா ரிங்கு தேஞ்சி போச்சி. மூடிய மூடிட்டு, "வண்டி சூப்பருண்ணே"ன்னு சொல்லி வந்துடு. எதுக்கு அவன் மனசப் புண்படுத்தணும்?

சட்டைய அழுக்காக்கத் துணிஞ்சேன்னா அடியில படு. சேசிஸுதான் வண்டி, மத்ததெல்லாம் அது மேல ஏறிக் குந்தினது. பின்னால ஸ்பிரிங் பட்டை மாட்டற எடத்தச் சுத்தி டார்ச்சு அடி. வெல்டிங் வெச்ச தழும்பு, புதுசா அடிச்ச கருப்புப் பெயின்ட்டு, ரெண்டுல எது இருந்தாலும் ஏன்னு கேளு. "சும்மா அழகுக்கு அடிச்சேன்"னு சொல்வான். அடிவயித்துக்கு அழகு பாக்கறவன் நம்ம ஜில்லாவுல இருக்கான்னா அவனப் போயி நான் பாக்கணும். கதவோரம், சக்கரத்து மேல்வளைவு இதுங்கள்ல ஒரு சின்ன காந்தத்த வெச்சிப் பாரு. ஒட்டலன்னா அங்க தகடு இல்ல, பட்டிதான் இருக்குது.

இப்ப உன் ஃபோர் வீலு. அதுக்குத்தான் கூடக் காசு குடுக்கற, அதத்தான் எவனும் ஓட்டிப் பாக்கறதில்ல. தார் ரோட்டுல குச்சியத் தள்ளி, பலகையில பச்சை விளக்கு எரிஞ்சா போதும்னு திரும்பி வந்துடறானுங்க. விளக்கு எரியறதுக்கு ஒரு ஒயரு போதும்டா, முன்சக்கரம் இழுக்கணும்னு அவசியமே இல்ல. நம்ம ஏரியாண்ட சேறா இருக்கற எடத்துக்கு ஓட்டிக்கினு போ. ஃபோர் வீலு போட்டு, மெல்ல எடுத்து, கூட வந்தவன எறங்கி முன்சக்கரத்தப் பாக்கச் சொல்லு. அப்புறம் லோ கியர். போட்ட குச்சி தானா வெளிய குதிச்சா உள்ள பல்லு போயிருக்குது. சில பழைய ஜீப்புங்கள்ல முன்சக்கரத்து நடுவுல கையால திருகிப் பூட்டணும். வருசக்கணக்கா யாரும் தொடாம துரு புடிச்சிக் கெடக்கும். இன்னொண்ணு, இந்த மாதிரி ஃபோர் வீலுக்கு நடுவுல டிஃப்ரன்ஷியல் கெடயாது. அதப் போட்டுக்கினு காஞ்ச தார் ரோட்டுல வளைச்சி வளைச்சி ஓட்டினா ஷாஃப்ட்டும் கியரும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கும். முந்தின ஓனரு கெத்துக்காக செஞ்சி டவுனுக்குள்ள அப்பிடியே சுத்தியிருந்தா, அதுக்குக் கூலி நீ குடுப்ப. முன்கியர், ரிவர்ஸுன்னு மாத்தும்போது அடியில 'டங்'குன்னா ஜாயின்ட்டு கிராஸு தேஞ்சிருக்குது. நாலு டயரும் ஒரே அளவான்னு பாரு. ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். மொத ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருசம். பட்டன் புதுசா இருந்தாலும் வருசம் பழசுன்னா அது கடையில தூங்கின டயரு.

முன் கிரவுன், பின் கிரவுன் ரெண்டுலயும் ஆயில் துளியூண்டு எடுத்துப் பாக்கச் சொல்லு. வெளுத்து நுரையா இருந்தா உள்ள தண்ணி பூந்துடுச்சி. ஓடையில வீடியோ எடுக்க எறக்கினானோ, இல்ல வெள்ளமே வந்து எறங்கிச்சோ. 2015 டிசம்பர்ல சென்னையில மூழ்கின காருங்க கொஞ்சமா நஞ்சமா? 2024-ல ஃபெஞ்சல் புயலப்போ நம்ம திருவண்ணாமலை மலையே சரிஞ்சி ஏழு உசுரு போச்சி. அந்தாண்ட ஊத்தங்கரையில ரோட்டோரம் நின்ன வண்டிங்கள தண்ணி இழுத்துக்கினு போச்சி. அந்த மாதிரி வண்டிங்களக் கழுவி, காய வெச்சி, சென்ட்டு அடிச்சி எங்கியாவது வித்துக்கினுதான் இருப்பானுங்க. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் வெளிய இழு. உள்ள சுருண்டு கெடக்கற பாகத்த எவனும் கழுவ மாட்டான். சேத்துக் கோடு அங்க தெரியும். சீட்டுக்கு அடி போல்ட்டுல துரு, கம்பளத்துக்கு அடி வண்டல், இதயும் பாரு. சென்ட்டு வாசன ரொம்பத் தூக்கலா வந்தா, பாராட்டிட்டு மூக்க உள்ள வுடு.

உனக்குப் புடிச்ச ரூம்புக்கு வருவோம். போர் தண்ணி ஓஸப் புடிச்சி கூரை மேல கொஞ்ச நேரம் ஊத்து. ஊத்திட்டு உள்ள போயி மூலை பலகைய கட்டைவெரலால அழுத்து. அமுங்கினா ஊறிப்போயி கெடக்குது. விளக்குக்கும் ஃபேனுக்கும் தனி பேட்டரி வெச்சி, ஃபியூஸு இல்லாம ஒயரு இழுத்திருந்தா மெத்தையோட சேந்து எரியும், நீயும் உள்ள இருப்ப. காஸ் அடுப்பு இருக்குதே, காத்து போவ கீழ ஓட்டை இருக்குதா? கசிஞ்ச காஸு தரையோரம்தான் தங்கும், மேல ஜன்னல் வெச்சி புண்ணியமில்ல. அப்புறம் அரிசி மில்லாண்ட எடைமேடையில ஏத்து. ஆர்.சி.யில எழுதின வெறும் வண்டி எடை என்ன, இப்ப நிக்கற எடை என்னன்னு பாரு. அந்தப் பலகையும் தண்ணித் தொட்டியும் தின்னது போவ மிச்சம்தான் உனக்கும் உன் கூட்டாளிங்களுக்கும்.

விக்கறவன் அந்த ரூம்புக்கு "ஒரிஜினல் வேல"ன்னு தனி விலை சொல்றானாமே. ஆர்.சி.யில ஏறியிருக்குதான்னு கேளு, தலையச் சொறிவான். கம்பெனி குடுத்த ஒடம்ப இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ம் பிரிவு இருக்குது, 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதத்தான் சொல்லிச்சி. எஃப்.சி.க்குப் போனா மொத கேள்வி அதுதான். அது மஞ்ச போர்டு சரக்கு வண்டியா இருந்தா எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எஃப்.சி., அதுக்கப்புறம் வருசா வருசம். பின்னால தொட்டியில கூட்டாளிங்கள ஏத்திக்கினு போயி ஏதாவது ஆச்சின்னா, சரக்கு வண்டியில சும்மா ஏறினவனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லன்னு 2002-லயே ஆஷா ராணி கேஸுல தீர்ப்பு வந்துடுச்சி. மெத்தையில படுத்துக்கினு போறவனும் சும்மா ஏறினவன்தான்.

இதவிட மலிவு வேணுமா? ரமணாசிரமம் பக்கம் வெள்ளக்காரங்க எப்பவாவது ரோட்டு வழியாவே கேம்பர் ஓட்டிக்கினு வருவாங்க, பாத்திருப்ப. அது சுங்கச் சீட்டுல வந்த வண்டி, திரும்பி நாட்ட வுட்டுப் போயே ஆவணும். ஸ்டீரிங்கும் பாதி வண்டிக்கு இடது பக்கம். பல்லக் காட்டிட்டு வந்துடு. டில்லி வண்டி மலிவுன்னும் சொல்வானுங்க; அங்க பத்து வருசம் தாண்டின டீசலுக்குத் தடைன்னு ஆனதும் தெக்க எறங்கினதுங்க. அந்த ஊரு என்.ஓ.சி. இல்லாம, இங்க வரி கட்டாம, நம்ம நம்பர் கெடைக்காது. விலைய அதயும் சேத்துக் கணக்குப் போடு.

கடைசியா காயிதம். சேசிஸ் நம்பர அவன் சொல்லக் கேக்காத; பென்சிலால தேச்சி அச்சு எடுத்து ஆர்.சி.யோட வெச்சிப் பாரு. ஃபைனான்ஸ் இருந்தா அடைச்ச சீட்டும் ஃபாரம் 35-ம். பேரு மாத்த 29, 30. ஒரு மாசத்துக்குள்ள நம்ம திருவண்ணாமலை ஆபீஸுல குடுத்துடணும். இன்சூரன்ஸு பதினாலு நாளைக்குள்ள உன் பேருக்கு மாறணும். இல்லன்னா வண்டிக்கு ஆவற நட்டம் உன் கைய வுட்டுத்தான் போவும்.

இம்மாம் நேரம் வாயப் பொளந்துக்கினு கேட்ட, முன்பணம் குடுத்துட்டியான்னு சொல்லவே இல்லயே? நீ படம் காட்டினப்பவே நம்பரப் பாத்துக்கினேன். உன் அத்த மவன் போன்ல பரிவாகன்ல போட்டுப் பாத்தான். எஃப்.சி. முடிஞ்சிபோச்சி, கட்டாத அபராதமும் நிக்குது, ஃபைனான்ஸும் இன்னும் எடுக்கல. அதயெல்லாம் அவனையே முடிச்சிக் குடுக்கச் சொல்லு, அப்புறம் விலை பேசு.