13 பிளாப்பியில் வந்திறங்கிய மருமகள்

அந்தக் காலத்து ராஜா ஒரு கோட்டையைப் பிடித்தால் கல்லில் மெய்க்கீர்த்தி வெட்டி வைப்பார். பிடித்தது நாலு மாட்டுக்கொட்டகையும் ஒரு வரப்புத் தகராறும்தான் என்றாலும், கல்வெட்டில் கடல் தாண்டிய தேசமெல்லாம் காலில் விழுந்து கிடக்கும். அமெரிக்காவில் ரெட்மண்ட் என்ற ஊரில் 1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி நடந்ததையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புதுசாக விண்டோஸ் 95 என்று ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதற்குப் பந்தல் போட்டார்கள். நிஜப் பந்தல். மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் பெரிய கூடாரம், பக்கத்தில் ராட்டினம், மேடையில் டி.வி. நகைச்சுவைக்காரர் ஜே லெனோ. பில் கேட்ஸும் ஸ்டீவ் பால்மரும் கூட இருந்த பெரிய அதிகாரிகளும் மேடையேறி ஆடினார்கள். ரிசப்ஷனில் சின்னப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துவிட்ட பெரியப்பாக்களைப் போல, கைக்கு ஒரு தாளம், காலுக்கு ஒரு தாளம். வீடியோ இன்னும் கிடைக்கிறது. மனசு சரியில்லாத நாளில் பார்க்கலாம்.

நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு விண்டோஸ் லோகோவின் நிறங்களில் விளக்குப் போட்டார்கள். டொரொண்டோவில் சி.என். டவரில் மாடி மாடியாக பேனர் தொங்கியது. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் அன்றைய 15 லட்சம் பிரதிகளையும் கம்பெனியே வாங்கி, தாம்பூலப் பை கொடுப்பது போல ஊருக்கு இலவசமாகக் கொடுத்தது. விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டார்ட் மீ அப்’ பாட்டு. அதே பாட்டில் தள்ளிப் போனால் வளர்ந்த ஆம்பிளை அழுவதைப் பற்றி ஒரு வரி வரும். விளம்பரம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். விவரமானவர்கள்.

நடு ராத்திரியில் கடை திறந்தார்கள். கம்ப்யூட்டரே இல்லாதவர்கள்கூட வரிசையில் நின்றதாக அப்போது செய்தி வந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. முதல் நாள் முதல் காட்சிக்குத் தூக்கத்தைத் தொலைத்த ஊர் நம்முடையது. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்: இதற்கு ஒன்பது நாள் முன்னால், ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுஜனத்துக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அதற்கு ஒரு ராட்டினமும் சுற்றவில்லை.

சரி, இத்தனை மேளதாளத்தோடு வந்த மருமகள் எப்படிப்பட்டவள்? மருமகள் என்று நான் சும்மா சொல்லவில்லை. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மாமியார் இருந்தாள். பெயர் டாஸ். கறுப்புப் புடவை, வெள்ளை எழுத்து. சிரிக்கவே மாட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில், கேட்காவிட்டால் மௌனம். ஓர் எழுத்துத் தப்பாக அடித்தால் ‘தப்பான கட்டளை’ என்று ஒரே வரியில் மானத்தை வாங்குவாள். முன்பு வந்த விண்டோஸ் 3.1 எல்லாம் மருமகளே இல்லை. மாமியார் கட்டிலில் விரித்த பூப்போட்ட போர்வை. விண்டோஸ் 95-தான் “இனி இந்த வீட்டுச் சாவி என் இடுப்பில்” என்று சொல்லிக்கொண்டு வந்தவள்.

கல்யாணம் என்றால் தரகர் பொய் சொல்ல வேண்டும் அல்லவா? சொன்னார். 386 டி.எக்ஸ். போதும், நினைவகம் 4 எம்.பி. போதும் என்று பெட்டி மேலேயே அச்சிட்டிருந்தது. ‘பொண்ணு ரொம்ப சிம்பிள், ஒண்ணும் எதிர்பார்க்கலை’ என்பது மாதிரி. உண்மையில் 8 எம்.பி.யாவது இருந்தால்தான் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள். அன்றைக்கு ஒரு எம்.பி. ராம் 30 டாலருக்கு மேல். சாஃப்ட்வேருக்குக் கொடுத்ததைவிட சீர்வரிசைக்குக் கொடுத்தது அதிகம் என்று உலகம் முழுக்க மாமனார்கள் புலம்பினார்கள்.

புலம்பல் இருக்கும் இடத்தில் லேகியம் விற்பவன் வராமல் இருப்பானா? ‘ஸாஃப்ட்ராம் 95’ என்று ஒரு சாஃப்ட்வேர் வந்தது. பிளாப்பியைப் போட்டால் போதும், உங்கள் ராம் இரட்டிப்பாகும். லட்சக்கணக்கில் விற்றது. விவரம் தெரிந்த இரண்டு பேர் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இரட்டிப்பு வேலை எதுவும் நடக்கவில்லை. திரையில் காட்டும் எண் மட்டும்தான் ஏறியது. அமெரிக்க வர்த்தக ஆணையம் வரை வழக்குப் போயிற்று. நம் ஊர் சிட்டுக்குருவி லேகியத்துக்கு பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர். ஸாஃப்ட்ராமுக்குக் கடையில் கண்ணாடி அலமாரி. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு மருமகள் வந்தது 1996 கோடையில். சித்தப்பாவிடம் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி மாட்டிய ஒரு 486 இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய நண்பர் இரண்டு பெட்டி கொண்டுவந்தார், தனக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. சித்தப்பாவிடம் சி.டி. டிரைவ் கிடையாது. அதனால் பிளாப்பி. மொத்தம் 13. சாதாரண பிளாப்பி 1.44 எம்.பி. கொள்ளும். ஆனால் இந்தப் பெட்டியில் முதல் பிளாப்பியைத் தவிர மீதி 12-இலும் டவுன் பஸ் கண்டக்டர் ஆள் ஏற்றுவது போல உள்ளே தள்ளி 1.68 எம்.பி. ஏற்றியிருந்தார்கள். அதில் இன்னொரு சௌகரியமும் உண்டு, கம்பெனிக்கு: டாஸின் ‘டிஸ்க்காப்பி’யால் இதை நகல் எடுக்க முடியாது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய்க் குளியல் முடிந்து, ராகுகாலத்துக்கு முன்னால் சித்தப்பா முதல் பிளாப்பியை உள்ளே தள்ளினார். டிரைவ் கர்ர்ர் என்றது. தெருவில் இரண்டு வீட்டுப் பையன்கள் வந்து நின்றுவிட்டார்கள். விண்டோஸ் 95-இன் செட்டப் ஒரே நிரல் இல்லை. டாஸில் கொஞ்ச தூரம், விண்டோஸ் 3.1 வேஷத்தில் கொஞ்ச தூரம், கடைசியில்தான் சொந்த முகம். கூத்தில் ஒரே ஆள் கட்டியங்காரனாக வந்து, தூதனாக வந்து, பிறகு துரியோதனனாக வருவதைப் போல. நாங்கள் இரண்டாவது வேஷத்திலேயே கை தட்டிவிட்டோம்.

எட்டு பிளாப்பி போயிற்று. ஒன்பதாவதைக் காணோம்.

மேஜையில் இல்லை, பெட்டியில் இல்லை, சித்தப்பாவின் சட்டைப் பையில் இல்லை. பதினைந்து நிமிஷம் வீட்டைக் கவிழ்த்த பிறகு சித்தி அடுப்படியிலிருந்து ஒரு சொல்லும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினாள். பாட்டியின் காபி டம்ளர். அதன் மேல், ஈ விழாமல் இருக்க, ஒன்பதாம் நம்பர்.

“என்னம்மா இது?” என்றார் சித்தப்பா, அழுகிற குரலில்.

“சதுரமா, கச்சிதமா இருந்ததுடா. பன்னெண்டு இருக்கே, ஒண்ணு போனா என்ன?” என்றாள் பாட்டி.

காபி ஆவி உள்ளே போய் மெல்லிய தட்டில் முத்து முத்தாகப் பூத்திருந்தது. விசிறினோம். வெயிலில் காட்டினோம். தகட்டை நகர்த்தி வேட்டி நுனியால் துடைத்தார் சித்தப்பா. அதோடு மிச்ச உயிரும் போயிற்று. திரை ஒன்பதாம் பிளாப்பியைப் போடு, ஒன்பதாம் பிளாப்பியைப் போடு என்று கந்துவட்டிக்காரன் மாதிரி கேட்டுக்கொண்டே நின்றது. நண்பரிடம் ஓடினோம். அவர் தன்னுடைய ஒன்பதை நகல் எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். அதுதான் முடியாதே. கடைசியில், “ஒரு ராத்திரிக்கு மட்டும்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அசலையே கொடுத்தார்.

மருமகள் வீட்டுக்குள் வந்தாள். மேகம் மிதக்கும் நீல வானம், கூடவே ஒரு மங்கல நாதம். அந்த நாதத்தைப் போட்டவர் பிரையன் ஈனோ என்ற பெரிய இசைக்காரர். சில விநாடி இசைக்கு ஒரு பக்கம் அடைமொழி எழுதிக் கொடுத்தார்களாம். அவரும் சளைக்காமல் 84 துண்டு போட்டுக் காட்டினார். அதை எந்தக் கம்ப்யூட்டரில் செய்தார் என்று பிற்பாடு கேட்டபோது அவர் சொன்ன பதில்: ஆப்பிள் மேக். சம்பந்தி வீட்டுச் சமையல்காரரை வைத்து நம் வீட்டு விருந்து.

இடது மூலையில் ‘ஸ்டார்ட்’ பட்டன். கம்ப்யூட்டரை அணைக்கவும் அதைத்தான் அழுத்த வேண்டும். அணைக்க எதற்கு ஸ்டார்ட் என்று வெள்ளைக்காரர்கள் முப்பது வருஷமாகக் கேலி செய்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. கிளம்பும்போது ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நாம்.

நீளப் பெயர்தான் எங்களுக்குப் பெரிய அதிசயம். டாஸ் காலத்தில் ஃபைலுக்கு எட்டு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு மூன்று எழுத்து. இப்போது 255 எழுத்து வரை வைக்கலாம். சித்தப்பா தன் பெயரோடு அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒரு கடிதத்துக்குச் சூட்டினார். அதே ஃபைலை டாஸ் பக்கம் போய்ப் பார்த்தால், மாமியார் அதை ஆறு எழுத்தில் நறுக்கி, ஒரு நெளிகோடும் 1 என்ற எண்ணும் போட்டு வைத்திருந்தாள். வேங்கடசுப்பிரமணியன் என்று பத்திரிகை அடித்தாலும் வீட்டுக்குள் ‘வெங்கு’தானே. இந்த நீளப் பெயரையெல்லாம் ஆப்பிள்காரர்கள் அதற்குப் பல வருஷம் முன்பே அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். விண்டோஸ் 95 வந்ததும் அவர்கள் பத்திரிகையில் ஒரு வாழ்த்து விளம்பரம் கொடுத்தார்கள். ‘வாழ்த்துகள்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒன்று தவிர உயிரெழுத்தெல்லாம் பிடுங்கி எட்டு எழுத்து டாஸ் ஃபைல் பெயராகச் சுருக்கி, கடைசியில் புள்ளி வைத்து ‘டபிள்யூ 95’. இந்தக் கதை முழுவதிலும் அதைவிட நாகரிகமான திட்டு கிடையாது.

இனிமேல்தான் நான் கொஞ்சம் மரியாதையாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புது மருமகளுக்குப் பழைய வீட்டு ஜனங்கள் எல்லோரையும் அனுசரிக்க வேண்டும் என்று கட்டளை. அதற்காக விண்டோஸ் 95 பிரிவின் மேலாளர் ஒருவர் தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து சாஃப்ட்வேர் கடைக்குப் போய், கடையில் இருந்த பி.சி. நிரல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வாங்கி வந்தார். கேன்டீனில் குவித்து, ஆளுக்கு ஒன்றிரண்டாக எடுத்துக்கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள், தவறு கண்டால் சொல்லுங்கள், சொன்னால் பெட்டி உங்களுக்கே என்றார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணையே இறக்கிப் பார்ப்போமே, அந்த மாதிரி வேலை.

இப்படிப்பட்ட சோதனையில்தான் ‘சிம்சிட்டி’ மாட்டியது. அந்த விளையாட்டு, தான் காலி செய்த நினைவக இடத்தையே திரும்பவும் போய்ப் படிக்கும். வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த நாள் வந்து பழைய குளியலறையில் குளிக்கிற வாடகைக்காரன். பழைய விண்டோஸ் 3.1 காலத்தில் அந்த வீட்டுக்கு உடனே வேறு ஆள் வராததால் பிழைத்தது. புது ஆட்சியில் வந்துவிடுவான், விளையாட்டு விழுந்துவிடும். தப்பு சிம்சிட்டியுடையது. ஆனால் வாங்கியவன் யாரைத் திட்டுவான்? மருமகளைத்தான். அதனால், ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமாம் என்றால் காலி செய்த இடத்தை உடனே யாருக்கும் கொடுக்காதே என்று விண்டோஸ் 95-க்குள்ளேயே தனியாக எழுதி வைத்தார்கள். பிறந்த வீட்டிலிருந்து ஐந்நூறு விதமாகச் சொல்லி அனுப்பினாலும் எந்த மருமகளுக்கும் இவ்வளவு பொறுமை வராது.

மாமியார் என்ன ஆனாள்? அவளை வெளியே அனுப்பிவிட்டதாகத்தான் ஊரெல்லாம் தண்டோரா. நிஜத்தில் காலையில் கதவைத் திறப்பது அவள்தான். திறந்ததும் மருமகள் சாவியை வாங்கிக்கொள்வாள். பழைய டிரைவர் ஏதாவது வந்து நின்றால் மட்டும் அது மாமியாரிடம்தான் பேசும். இதற்குச் சாட்சியும் உண்டு. அணைக்கும்போது கறுப்புத் திரையில் காவி எழுத்தில், இனி அணைக்கலாம் என்று ஒரு வாசகம் வரும். அது வெறும் படம். அந்த நேரத்தில் ‘மோட் சிஓ80’ என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டர் தட்டினால், படத்துக்குப் பின்னாலிருந்து பழைய வெள்ளை எழுத்தோடு டாஸ் எட்டிப் பார்ப்பாள். சித்தப்பா இதைச் செய்து காட்டிய அன்று பாட்டி காரணம் கேட்காமலேயே ரொம்ப சந்தோஷப்பட்டாள்.

மருமகளின் ஆரோக்கியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவளுக்குள் ஒரு மில்லி விநாடிக் கடிகாரம் ஓடியது. அணைக்காமல் வைத்திருந்தால் 49.7 நாளில் அதன் எண்கள் தீர்ந்துபோய் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். ஏறக்குறைய ஒரு மண்டலமும் ஒன்றே முக்கால் நாளும். இந்தக் கோளாறு வெளியே தெரிந்தது 1999-இல். நாலு வருஷமாக உலகத்தில் ஒருவர் வீட்டிலும் அந்த மண்டல விரதம் முழுசாக நிறைவேறவில்லை என்று அர்த்தம்.

விண்டோஸ் 95-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2001 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. சித்தப்பாவின் 486 அதற்கு முன்பே பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது. பாட்டியும் இப்போது இல்லை. நண்பரிடம் ஒரு ராத்திரிக்கு வாங்கிய ஒன்பதாம் பிளாப்பி மறுநாள் காலையிலேயே மறுபடி டம்ளருக்கு மூடியானதை நாங்கள் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கல்யாணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும் கேட்பதை விடவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி இருந்தால், மற்ற 12-ஐயும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நம்பரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வந்து வாங்கிக்கொள்கிறேன்.