பத்து சென்ட் சூப்பர்மேன்

கே: பத்து சென்ட் காமிக்ஸ் புத்தகத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களாமே, நிஜமா?

ப: நிஜம்தான். சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் 10 சென்ட்டுக்கு விற்றது. அதன் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது பத்துக்கு எட்டரை மதிப்பெண் வாங்கிய பிரதி!

கே: அவ்வளவு கிராக்கி எப்படி வந்தது?

ப: குப்பைத்தொட்டியின் உபயம். அச்சானவை சுமார் 2 லட்சம். மிஞ்சியவை ஏறத்தாழ நூறுதான் என்று கணிக்கிறார்கள். பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள், அம்மாக்கள் வீட்டை ஒழித்தபோது தூக்கிப்போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டியவர்கள் மிச்சத்தை அள்ளிப்போனார்கள்.

கே: அப்படியானால் புது காமிக்ஸில் பத்துப் பிரதி வாங்கிப் பீரோவில் பூட்டிவிடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். 1992-ல் சூப்பர்மேன் சாகிற 75-ஆம் இதழ் கறுப்பு உறையில் வந்தபோது அமெரிக்கர்கள் வரிசையில் நின்று வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருப்பதை யார் அதிக விலை கொடுத்து வாங்குவார்? இன்றும் அது சொற்ப டாலருக்குக் கிடைக்கிறது. முந்தைய ஆண்டு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுக் கின்னஸில் ஏறிய 'எக்ஸ்-மென்' முதல் இதழுக்கும் இதே கதிதான். அந்த மோகம் வடிந்ததும் ஏராளமான கடைகள் மூடின. மார்வெல் நிறுவனமே 1996-ல் திவால் மனு போட்டது.

கே: மதிப்பெண் போடுவது யார்?

ப: 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. என்ற நிறுவனம். முதுகு மடிப்பின் வெடிப்பு, பின் துருவேறித் தாளில் இறங்கிய கறை, பழுத்த பக்கங்கள் என ஒவ்வொன்றாகப் பார்த்து 0.5 முதல் 10 வரை போடுகிறார்கள். பிறகு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து சீல். பெட்டியைத் திறந்தால் அந்தச் சான்று செல்லாது. குழந்தைகள் புரட்டிச் சிரிக்க அச்சான புத்தகத்தை இனி யாருமே புரட்ட முடியாது என்பதுதான் வருத்தம்.

கே: திருட்டுப் போனால்?

ப: நடிகர் நிக்கோலஸ் கேஜைக் கேட்க வேண்டும். 1,50,000 டாலருக்கு அவர் வாங்கிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2000-ல் களவுபோனது. 2011-ல் கலிபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கில் சிக்கியது. அதே ஆண்டு ஏலத்தில் கிடைத்த விலை 21,60,000 டாலர்!