பொதுக் கல்விக்குப் பூச்சியம்

துறைப்பாடத்துக்கு அப்பால் எல்லா மாணவரும் அறியவேண்டிய மொழி, வரலாறு, தருக்கம் முதலியவற்றின் தொகுதியே பல்கலைக்கழகப் பொதுக் கல்வி எனப்படுகிறது. இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் இது பட்டநெறியோடு சேர்த்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டுக் கைந்நூல் வகுத்த எட்டு அளவுகோல்களின்படி, அவற்றில் அடங்கும் ஒவ்வொரு நியமத்துக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளியிட்டு மீளாய்வுக் குழுவொன்றால் மதிப்பிடப்படுகிறது. புள்ளிக்கு ஆதாரம் கோவைகளே. கூட்டக் குறிப்பு, வரவுப் பதிவு, மாணவர் கருத்துப் படிவம் ஆகியன இலக்கமிட்டு அடுக்கப்படுமாயின், மாணவர் சிந்திக்கக் கற்றுக்கொண்டனர் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டதாகிவிடும்.

இந்த அளவையைத் தமிழறிஞர் ஒருவரின் கல்விக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1913இல் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள் உரோமையில் இறையியலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் பின்னர் தமிழும் பயின்று, பழந்தமிழ் இலக்கியத்தின் கல்விச் சிந்தனையை இலண்டனில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்தவர். பேராதனையில் கல்வியியலே கற்பித்தவர். இத்தகைய கல்வியை மீளாய்வுக் குழு எந்த அளவுகோலில் அடக்கும் என்பது விளங்கவில்லை. இறையியல் வகுப்பின் ‘கற்றல் பேறு’, அதாவது பாடமுடிவில் மாணவர் செய்துகாட்டவேண்டியது, சங்கப் பாடல் ஆராய்ச்சி என முன்கூட்டியே எழுதிவைக்கப்படாமையால், பூச்சியம் இடுவதே முறை. குழுவினரின் மதிய உணவுக்கான பற்றுச்சீட்டேனும் கோவையில் இருந்திருப்பின் ஒரு புள்ளி கிடைத்திருக்கலாம்.