ஈறுக்குள்ளேயே விழுந்த கறை

விடிவதற்கு முன்பே ஓ.பி. வாசலில் வரிசை போட்டுவிடுவார்கள். ஆள் நிற்கமாட்டார், அவருடைய செருப்பு நிற்கும், மஞ்சள் பை நிற்கும், ஒரு செங்கல் துண்டு நிற்கும். ஆள் எதிர் டீக்கடையில் வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டரை மணிக்கு வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நாங்கள் போனால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். இருபது வயதுப் பெண்ணைப் பார்த்து எழுபது வயதுப் பெரியவர் எழுந்து நின்றதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நான் பி.டி.எஸ். சேர்ந்தது 1988-ல். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இன்று ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நானே பாடம் எடுக்கிறேன். போன மாதம் மூன்றாவது மாடி வராந்தாவில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "தாத்தா, இன்னைக்குப் பல் செட்டு ட்ரையல் தாத்தா. மறந்துட்டீங்களா? ஆட்டோ பிடிச்சு வந்துடுங்க, காசு நான் தர்றேன்." தாத்தா ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். உள்ளே வரிசையாக நாற்காலிகள், ஏசி, ஒவ்வொரு நாற்காலிக்கும் தனி விளக்கு. பாதிக்கு மேல் காலி. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பல் செட்டு, இத்தனை ரூட் கேனால் என்று கணக்கு முடித்தால்தான் பரீட்சை எழுதலாம். அன்று நோயாளிகள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். இன்று மாணவர்கள் நோயாளிகளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

எங்கள் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பல் அடைக்கிற வெள்ளிக் கலவையை நாங்களே அரைப்போம். குட்டிக் கண்ணாடி உரல், குட்டி உலக்கை. வெள்ளித் தூளைப் போட்டு, மேலே பாதரசத்தை விட்டு, கரகரப்பு அடங்கி மினுமினுக்கிற வரை அரைக்க வேண்டும். பிறகு அதைத் துணியில் முடிந்து விரலால் நசுக்கினால், மிச்சப் பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும். கையுறை கிடையாது. உள்ளங்கையில் அது உருளும்போது குளிர்ச்சியாக இருக்கும். எடை மட்டும் அந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் கனக்கும். கீழே சிந்தியது மேசைக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். யாரும் தேடமாட்டோம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் மினமாட்டா ஒப்பந்தத்தை ஏற்றது 2013-ல். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் முதலில் பார்த்தது என் உள்ளங்கையைத்தான்.

கையுறைக்கும் ஒரு கதை உண்டு. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் கை வைக்கிற எல்லோருக்கும் பயம் வந்தது அதற்குப் பிறகுதான். எங்களுக்கும் கையுறை வந்தது. ஆனால் ஒரு ஜோடியைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, பவுடர் தூவி மறுபடியும் போட்டுக்கொண்டோம். இன்று என் மாணவர்கள் ஒவ்வொரு வாய்க்கும் புதுக் கையுறை போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

பல் சேகரித்த அலைச்சலையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு நிஜப் பல் வேண்டும். பிடுங்கிப் போட்ட பற்களை அட்டெண்டர் அண்ணன் எங்களுக்காக ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து வைப்பார். அதைக் கழுவி, பிளாஸ்டர் கட்டையில் பதித்து, குடைந்து பழகுவோம். இப்போது பிளாஸ்டிக் பல்; எல்லாம் ஒரே அச்சு. நிஜப் பல்லில் வெற்றிலைக் காவி இருக்கும், புகையிலைக் கருப்பு இருக்கும், ஒரு பக்கமாகவே மென்று தேய்ந்த தேய்மானம் இருக்கும். அந்த மனிதரின் வாழ்க்கையில் பாதி பல்லிலேயே தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது ஒரு பல் மருத்துவ முகாமைப் பற்றி. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, 1993 என்று நினைவு, தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு எங்களை அனுப்பினார்கள். தலை பெரிசு பிளாஸ்டிக் தாடை ஒன்று, அதைத் தேய்க்க முழ நீள பிரஷ் ஒன்று. புளியமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து, மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று தேய்த்துக் காட்டினோம். பிறகு வரிசையாக வாயைத் திறக்கச் சொன்னோம்.

முன்பல் எல்லாம் பட்டை பட்டையாக இருந்தது. சுண்ணாம்பு வெள்ளை, அதன் குறுக்கே காபி நிறக் கோடு, சில பற்களில் குண்டூசியால் குத்தின மாதிரிக் குழி. ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று உதட்டைத் திறக்கவே இல்லை. "ஒழுங்கா தேய்ச்சா போயிடும் பாப்பா" என்றேன் நான். அவள் மெதுவாகச் சொன்னாள்: "தெனமும் செங்கத்தூள் போட்டுத் தேய்க்கிறேன் மேடம். போகவே மாட்டேங்குது."

ஈறைப் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிக் கிடந்தது.

அந்தக் கறை தேய்க்காததால் வந்தது இல்லை. முன்பற்களின் எனாமல், பிறந்ததிலிருந்து நான்கைந்து வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அந்த வயதில் ஃப்ளூரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்தால் எனாமல் பழுதாகவே உருவாகி, பல் பழுதோடுதான் முளைக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அந்த ஊரே குடித்தது ஒரு போர் தண்ணீரை. பள்ளிக்குப் பின்னால் அந்த அடிபம்பு இருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல், கூப்பிட்டால் மொத்த உடம்பையும் திருப்பிப் பார்க்கிற ஒரு பெரியவர் அதில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த ஃப்ளூரைடு எலும்பு வரைக்கும் போய்விட்டிருந்தது. எங்கள் பேராசிரியர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவரச் சொன்னார். சோதித்தபோது அளவு தாண்டியிருந்தது.

இவ்வளவையும் பாடத்தில் படித்து பாஸான நாங்கள் அன்று காலை அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தோம் தெரியுமா? ஆளுக்கொரு பற்பசை ட்யூப். ஃப்ளூரைடு கலந்த பற்பசை. விழுங்கிவிடுகிற வயதுச் சின்னப் பிள்ளைகளும் கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்னால் அதை மறக்க முடியவில்லை. வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்: ஊருக்குப் போனால் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்.

ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் போனது. பல் மருத்துவர்கள் நூறு முகாம் போட்டாலும் செய்ய முடியாததை ஒரு குழாய் செய்தது.

போன வருஷம் மாணவர்களோடு அதே பக்கம் போனேன். இப்போது பெரிய வேன். உள்ளேயே நாற்காலி, கம்ப்ரஸர், ஜெனரேட்டர். பெயரும் போன் நம்பரும் டேப்லெட்டில் ஏறும்; ஏறின பெயர் பிறகு கல்லூரிக்குக் 'கேஸ்' ஆக வரும். முகாம் என்பது ஆள் பிடிக்கிற வேலையாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. இதை மாணவர்கள் மேல் பழியாகச் சொல்லவில்லை. கணக்கு முடிக்கச் சொல்லி அவர்களை நெருக்குகிறவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு பெண் தன் மகளைக் கூட்டிவந்தாள். முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். பாப்பாவின் முன்பல் பளிச்சென்று இருந்தது, ஒரு கோடு இல்லை. கடைவாயில் மட்டும் இரண்டு சொத்தை. கடையில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டுகள் செய்த வேலை. அந்தச் சொத்தையைத் தன் கட்டைவிரலால் மகளின் உதட்டை விலக்கி அவளே காட்டினாள். இன்னொரு கை முந்தானையைத் தன் வாய்மேல் வைத்தபடியே இருந்தது.

டேப்லெட் வைத்திருந்த பையனுக்குக் கணக்கில் நாலு கேஸ் குறைகிறது என்று எனக்குத் தெரியும். "அக்கா, உங்க பல்லையும் பார்க்கட்டுமா? காலேஜுக்கு வந்தீங்கன்னா சரி பண்ணிடலாம்" என்றான்.

"எனக்கென்ன தம்பி, நான் அந்தத் தண்ணியில பொறந்தவ. பாப்பாவுக்குப் பாருங்க."

அவன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான். "எந்தத் தண்ணி அக்கா?" என்று கேட்டான்.

அவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்து, அந்தக் கையாலேயே பள்ளிக்குப் பின்பக்கம் காட்டினாள். கைப்பிடி இல்லாத ஒரு அடிபம்பு, துருப்பிடித்து, முள்ளுச் செடிக்குள் நின்றுகொண்டிருந்தது.