ஃபோர்க் அண்ணன்

விடிந்தும் விடியாத நேரத்தில், கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியில், சைக்கிள் கோஷ்டி முழுக்க டீக்கடையில் நிற்க, ஒருவர் மட்டும் தன் முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தால், அவர்தான் ஃபோர்க் அண்ணன். ஊருக்கு ஒருவர் உண்டு.

ஃபோர்க் என்றால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், குழிமேட்டில் அமுங்கிக் கொடுக்கும் கவட்டை. அவருடையது காற்று ஃபோர்க். எவ்வளவு அழுத்தம் இருக்கிறதென்று பார்க்க ஷாக் பம்ப்பை மாட்டுவார். மாட்டியதுமே ஃபோர்க்கின் காற்றில் கொஞ்சம் பம்ப்பின் குழாய்க்குள் போய்விடும். முள் குறைத்துக் காட்டும். “பாத்தியா தம்பி, ராத்திரி 80 வச்சேன். இப்ப 75!” மறுபடி அடிப்பார். கழற்றும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம். குழாயில் நின்ற காற்றுதான் அது. அண்ணன் நம்புவாரா? திரும்பவும் மாட்டுவார். நமக்கு இரண்டாவது டீ வந்துவிடும்.

அடுத்து ‘சேக்’ பார்க்கவேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்தால் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்கிற கணக்கு. தண்ணீர் பாட்டில், முதுகுப்பை சகிதம் ஏறுவார். விழாமல் நாம் பிடித்துக்கொள்ளவேண்டும். பூனை மாதிரி இறங்கி, ஃபோர்க்கின் காலில் இருக்கும் ரப்பர் வளையம் எங்கே நகர்ந்திருக்கிறதென்று ஸ்கேல் வைத்து அளப்பார். மொத்தம் அமுங்கக்கூடிய 120 மில்லிமீட்டருக்கு 24. “இருபது பெர்சென்ட்! கரெக்ட்!”

செங்குத்து ஏற்றத்துக்கு நீளமான ஃபோர்க் ஆகாது என்பார். நூற்றுக்கு நூறு உண்மை. முன்பக்கம் உயர்ந்து, பாரமெல்லாம் பின்னால் போய், முன்சக்கரம் தரையில் நிற்காமல் அலையும். அதனால்தான் 160-இல் இருந்து 100-க்கு இறங்கி, இப்போது நடுவாந்தரமாக 120-இல் நிற்கிறார். வேரும் கல்லுமாகக் கிடக்கும் மண்பாதை ஏற்றம் என்றால், முன்சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைக்கும் நல்ல ஃபோர்க்குக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் தார்ரோடு.

தார் ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க ஃபோர்க் குனிந்து நிமிர்ந்து சக்தியைத் தின்றுவிடும். அதைத் தடுக்க ‘லாக்அவுட்’ என்று ஒரு திருகு. அதாவது, அரை லட்சம் கொடுத்து வாங்கியதை ‘நீ சும்மா இரு’ என்று பூட்டிவைக்கிற திருகு. 1989 வாக்கில் ராக்‌ஷாக்ஸின் ஆர்எஸ்-1 வருகிறவரை மலைச் சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் வெறும் இரும்புக் கவட்டையில்தான் ஏறினார்கள் என்று சொல்லிப் பாருங்கள். “அது கற்காலம்” என்பார்.

பழைய ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரைக் கிலோ, இது ஒன்றரை. “ஒரு கிலோ கொறச்சாச்சு” என்று வீட்டில் பெருமையாகச் சொன்னபோது அண்ணி நிமிர்ந்து பார்த்து, “யாரு, நீங்களா?” என்றாராம்.

போன தடவை எப்படியோ மேலே ஏறிவிட்டார். இறங்கி வந்தபோதுதான் முகம் சரியில்லை. கையை உதறிக்கொண்டே, “குழில விழுந்தா தோள்பட்டை வரைக்கும் அடிக்குதுப்பா. இந்த ஃபோர்க் சரியில்ல, வித்துடலாம்னு இருக்கேன்” என்றார்.

லாக்அவுட் திருகு பூட்டியபடியே இருந்தது. பாதி விலைக்குப் பேசிக்கொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.