தராசு ஆயா

தண்டையார்பேட்டையில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், அவள் எடை அதற்கப்புறம் அவள் சொந்த விஷயமில்லை. தெருவின் பொதுச்சொத்து. அந்தச் சொத்துக்கு ஒரு தர்மகர்த்தா உண்டு. தராசு ஆயா என்று வைத்துக்கொள்வோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் நுழைந்தாலும் அந்தப் பக்கம் நுழைந்தாலும் தெருவுக்கு ஒருவர் தேறுவார். ஆகையால் எங்கள் ஆயாவைத்தான் எழுதிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

ஆயா ஒரு காலத்தில் மீன் விற்றவர். காசிமேட்டில் நெத்திலி, காரப்பொடி மாதிரி பொடிமீனைத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கூறு கட்டி வைப்பார்கள். இந்தக் கூறு நூறு ரூபாய்க்குத் தேறுமா, தேறாதா என்று கண்ணாலேயே சொல்லத் தெரிந்தவர்கள்தான் அங்கே பிழைக்க முடியும். வருஷக்கணக்காக அப்படிப் பழகிய கண், கூடையை இறக்கிவைத்த பிறகு சும்மா இருக்குமா? வயிறுகளின் பக்கம் திரும்பிவிட்டது.

காலையில் அடிபம்பு. குடத்தோடு வருகிறாள் ஐந்து மாசக்காரி.

“இன்னா கண்ணு, வயிறே தெரில? உள்ள புள்ள கீதா இல்லியா? ஊட்ல சோறு போடறாங்களா?”

கடைசிக் கேள்வி மட்டும் மாமியார் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாக வரும். சாயந்திரம் அதே பெண் பஜ்ஜிப் பொட்டலத்தோடு திரும்பும்போது அதே திண்ணையிலிருந்து அடுத்த தீர்ப்பு: “இன்னாமே இப்டி ஊதிக்கினே போறே? ஆபரேசன்தான், பாத்துக்க.” இடைப்பட்ட நேரத்தில் அவளுக்கு ஏறியது அதிகம் போனால் ஒரு வாழைக்காய் பஜ்ஜி.

தீர்ப்பு எதுவானாலும் ஆயாவின் மருந்து ஒன்றுதான். “துன்னு.” இளைத்தவள் இளைத்ததற்காகத் தின்ன வேண்டும். பெருத்தவள் ரெண்டு உசுருக்காகத் தின்ன வேண்டும். ரெண்டு உசுரு என்றால் ரெண்டு தட்டு என்பது ஆயாவின் சட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வெளியிட்ட ஊட்டச்சத்துக் கணக்கு இவ்வளவு தாராளமில்லை. நாலாம் மாதத்திலிருந்து தினமும் 350 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டால் போதும் என்கிறது. ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான் அந்த இரண்டாவது உசுருக்கு. இதை ஆயாவிடம் சொன்னேன். “இது கவுர்மெண்டு ரேசன் கணக்கு” என்று ஒதுக்கிவிட்டார்.

மாசா மாசம் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்கும் ஆயா கூடவே போவார். அங்கே ஒரு எடை மிஷின் இருக்கிறது. ஆயாவுக்கு இந்த உலகத்தில் ஒரே போட்டியாளர் அதுதான். அது யார் மாமியார் என்று பார்க்காது, சத்தம் போடாது. முள் நிற்கிற இடத்தை நர்ஸம்மா தாய்சேய் அட்டையில் எழுதிவிடுவார். எல்லாருக்கும் ஒரே அளவு என்பதும் அங்கே கிடையாது. 2009இல் அமெரிக்க மருத்துவ வல்லுநர்கள் வகுத்த அளவுப்படி, இளைத்த உடம்புக்காரி பன்னிரண்டரையிலிருந்து 18 கிலோ வரை ஏறலாம், சராசரி உடம்புக்குப் பதினொன்றரையிலிருந்து 16, மிகவும் பருத்தவளுக்கு 5 முதல் 9 போதும். நம் டாக்டர்கள் பொதுவாக ஒரு பத்து, பன்னிரண்டு என்பார்கள். வாந்தி எடுக்கிற முதல் மூன்று மாதத்தில் ஏறாமலே போனாலும் பெரும்பாலும் பயமில்லை.

ஆயாவும் ஆஸ்பத்திரியும் நேருக்கு நேர் மோதிய இடம் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ரத்தம் எடுப்பார்கள். அளவு 140ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஆயா கொதித்துவிட்டார். “சக்கரத் தண்ணிய அவங்களே குடுத்துக் குடிக்கச் சொல்லுவாங்களாம், அப்பால உடம்புல சக்கர கீதுன்னு அவங்களே சொல்லுவாங்களாம். இன்னா நாயம் இது?” வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நியாயமான சந்தேகம்தான் என்று இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள். நல்ல உடம்பாக இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் அதுவே இறக்கிவிடும், இறக்கத் திணறுகிறதா என்று பார்க்கத்தான் இந்தத் தண்ணீர் என்று நர்ஸம்மா சொன்னது சிரிப்பில் அடிபட்டுப் போயிற்று.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் கதை தனி. சத்துப்பொடி, பேரீச்சம்பழம், நெய், இரும்புச் சத்து டானிக். வீட்டுக்கு வந்ததும் பாகப்பிரிவினை நடக்கும். நெய் மாமியாரின் பொங்கலுக்கு, சத்துப்பொடி கொழுந்தனுக்கு, பேரீச்சம்பழம் டி.வி. பார்க்கிற புருஷனுக்கு. யாரும் கை வைக்காத டானிக் மட்டும் உரியவளுக்குப் போய்ச் சேரும்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு ஆயாவைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. கால் வீங்கினால், “அது நீரு, பார்லி கஞ்சி குடி” என்பார். கடைசி மாதங்களில் சாயந்திரமானால் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் ஒரே வாரத்தில் எடை கிடுகிடுவென்று ஏறி, முகமும் கையும் உப்பி, தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அது ரத்தக் கொதிப்பின் வேலையாக இருக்கலாம். பார்லிக்கு அது அடங்காது.

பிரசவமான பிறகுதான் ஆயாவின் பெரிய வழக்கு. பன்னிரண்டு கிலோ ஏறிய பெண், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கிலோ பிள்ளையோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறாள். 1880இலிருந்து வடசென்னைக்குப் பிள்ளை பெற்றுக் கொடுக்கிற ஆஸ்பத்திரி. ஆனாலும் ஆயாவுக்கு அதன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

“பன்னண்டு கிலோ ஏத்துனோம். மூணு கிலோதான் வந்துகீது. மீதி ஒம்போது கிலோ எங்க?”

தடுப்பூசிக்குப் போன அன்றைக்கு நர்ஸம்மாவிடமே கேட்டார். அவர் பொறுமைசாலி. விரல் மடக்கினார். நஞ்சுக்கொடி முக்கால் கிலோ. பனிக்குடத் தண்ணீர் ஒரு கிலோவுக்குக் கிட்ட. பெருத்துப்போன கர்ப்பப்பை ஒரு கிலோ. கூடுதலாக ஊறிய ரத்தம் ஒன்றரை. மார்பில் ஒரு அரைக் கிலோ. உடம்பில் தேங்கிய நீர் ஒன்றரை. மிச்சம் மூணு கிலோவுக்குக் கிட்ட கொழுப்பு, பால் கொடுக்க உடம்பு சேர்த்து வைத்தது.

ஆயா மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. “வஞ்சிரம் வெட்டுனாகூட இம்மாம் கழிவு போவாதே.”

இதெல்லாம் போகட்டும். பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் தாய்க்கு வேண்டிய கூடுதல் 600 கலோரி. கர்ப்பத்தைவிட அதிகம். சரியாக இந்த நேரம் பார்த்து ஆயா கட்சி மாறுவார். ஒன்பது மாதம் “துன்னு, துன்னு” என்று துரத்தியவர், இப்போது பத்தியம் என்று சோற்றை அளந்து போடுவார். பழம் குளிர்ச்சி, தயிர் ஆகாது, தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும். பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் மட்டும் அனுமதி. புட்டு நல்ல சாப்பாடுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரை நிறுத்துவதுதான் அக்கிரமம்.

ஆயா தன் பிள்ளைகளைச் சுமந்தபோது வலி எடுக்கிற அன்றைக்கும் கூடை தலையில் இருந்தது. கூடையை எத்தனையோ பேர் எடை போட்டார்கள், அவரை யாரும் போடவில்லை. இதை அவர் ஒரு புகாராகச் சொல்வதில்லை. எதிரே போகிறவளைக் கூப்பிட்டு, “துன்னியா?” என்று கேட்பதோடு சரி.

அதனால் மருமகள்களே, ஆயாவோடு வாக்குவாதம் வேண்டாம், ஜெயிக்கவும் முடியாது. கொடுக்கிற நெத்திலிக் குழம்பை வாங்கிச் சாப்பிடுங்கள். எடையை மட்டும் அட்டையில் பாருங்கள். முகம் உப்பித் தலை வலித்தால் கஞ்சி காய்ச்ச உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: அந்தப் பேரீச்சம்பழம் உங்களுக்கு வந்ததில்லை.