பழைய அயர்ன் அனுபவவியல்: ஒரு நூற்பாவும் பல உரைகளும்

கோல்ஃப் ஆடுவோர் தம் பழைய அயர்ன்களைப் பற்றிச் சொல்லும் அனுபவங்கள் இதுவரை முறையாக வகைப்படுத்தப்படவில்லை. அவை சொல்லப்படுகின்றன, மறுபடியும் சொல்லப்படுகின்றன, கேட்பவர் எழுந்து போன பிறகும் சொல்லப்படுகின்றன. வகைப்பாடு மட்டும் இல்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். குறை இருப்பதாக யாரும் முறையிட்டதில்லை என்பது ஒரு தடையாகாது. முனைவர் பட்ட ஏடுகளில் பாதி இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆய்வெல்லை: இரும்புத் தலை கொண்டு, வயது 20ஐத் தாண்டி, உரிமையாளர் விற்க மறுக்கும் மட்டைகள். வீட்டார் எடைக்குப் போடச் சொல்பவையும் அடங்கும்.

முதலில் வெண்ணெய்க் கொள்கை. பின்புறம் குடையாத மெல்லிய பிளேடில் பந்து சரியாக நடுவில் பட்டால் பட்டதே தெரியாது, வெண்ணெய் என்பார்கள். குளிர்ந்த காலையில் நடுவில் படாவிட்டால் முழங்கை வரை தெரியும் என்பதை ஒருவரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை. இதில் மேற்கொண்டு ஆய ஒன்றுமில்லை.

அடுத்து பெயரியல். ஹிக்கரி மரப்பிடிக் காலத்தில் மட்டைகளுக்கு மேஷி, நிப்ளிக், கிளீக் என்று பெயர்கள் இருந்தன. எஃகுப் பிடியை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924இலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பெரியவர்கள் 1929இலும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற செட்டுகள் வந்தன, பெயர்கள் போய் எண்கள் வந்தன. வினை அங்கே தொடங்கிற்று.

ஏனெனில் நம் மைய வினா இதுதான்: ஏழு என்பது யாது?

1970களில் 7 என்று பொறித்த பிளேடின் முகம் ஏறக்குறைய 36 டிகிரி சாய்ந்திருக்கும். இன்று கடையில் அதே எண்ணோடு வரும் பல மட்டைகளில் சாய்வு 28 முதல் 30 டிகிரிதான். முகம் நிமிர நிமிரப் பந்து தாழப் பறந்து தொலைவு போகும். ஆக இன்றைய ஏழு, அன்றைய ஐந்தின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. செய்பவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பின்புறத்தைக் குடைந்து எடையை அடியில் இறக்கிய தலை, பந்தைத் தானாகவே மேலே தூக்கும்; சாய்வைக் குறைக்காவிட்டால் பந்து அண்ணாந்து பார்க்க மட்டுமே உதவும். நியாயம் அவ்வளவுதான். மீதி வியாபாரம்.

இனிச் சிக்கலைக் கவனிக்க. பழைய செவன் அயர்னில் 140 கஜம் அடித்தவர் புதிய செவன் அயர்னில் 155 கஜம் அடிக்கிறார். அவர் தேறிவிட்டாரா? இவ்விடத்தில் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். ‘இரும்பு விளக்க’த்தின் முதல் உரைகாரர், எண்ணாவது தலையின் அடியில் பொறித்திருப்பதே, ஆதலால் தேறிவிட்டார் என்பார். இரண்டாம் உரைகாரர், எண்ணாவது பந்து விழும் இடமே, ஆதலால் தேறியது கடைக்காரர் என்பார் (மேற்படி நூல், கிடைக்காமற்போன மூன்றாம் பகுதி). இருவரையும் மறுத்து எழுந்த ‘மறுப்பின் மறுப்பு’ என்னும் சிறுநூலின் ஒரே படியில் 12ஆம் ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது. அதனாலேயே அவ்வேட்டில் இருந்த வாதம் அசைக்க முடியாததாக மதிக்கப்படுகிறது. அந்த ஏட்டில் என்ன இருந்திருக்கும் என்பது பற்றி மட்டும் நடந்த கருத்தரங்குகள் பல, முடிவு எட்டப்படவில்லை என்றாலும் சாப்பாடு நன்றாக இருந்ததாகக் குறிப்பு உண்டு (காண்க: கருத்தரங்க மலர், நன்றியுரை, அதே நன்றியுரையை மேற்கோள் காட்டும் வாழ்த்துரை, அவ்வாழ்த்துரையை முழுதாக எடுத்துத் தம் பெயரில் வெளியிட்ட ஆய்வேட்டின் முடிவுரை).

மேலும் ஒரு விளைவு. குறுந்தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் ஒரு காலத்தில் 48, 50 டிகிரியில் இருந்தது; இப்போது பல செட்டுகளில் 43, 44. சாண்ட் வெட்ஜ் மட்டும் 56ஐ ஒட்டியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு பெரும்பள்ளம். அதை நிரப்ப கேப் வெட்ஜ் என்று ஒன்றை விற்கிறார்கள். மூலத்தைத் திருத்தி, திருத்தியதால் விழுந்த ஓட்டையில் தாமே ஒன்றை எழுதிச் சேர்ப்பதற்குப் பதிப்புலகில் இடைச்செருகல் என்று பெயர். அங்கே திட்டுவார்கள், இங்கே தனி விலை. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று 1938இலேயே அமெரிக்காவில் விதி வந்துவிட்டதால், கீழே ஒன்று சேர மேலே ஒன்று போயாக வேண்டும். போனது நீள அயர்ன்.

அப்படிப் போனவற்றுள் தலைமையானது ஒன் அயர்ன். 1972 யூ.எஸ். ஓப்பனில், பெபிள் பீச் 17ஆம் குழியில், ஜாக் நிக்லஸ் அதை வைத்து அடித்த பந்து கொடிக்கம்பத்தில் மோதிக் குழியருகே நின்றது. அதே போட்டியில் 1950இல், மெரியனில், பென் ஹோகன் கடைசிக் குழியில் அதே எண்ணை வைத்து அடித்தார். அந்த அடியின் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது, மட்டை அன்றே களவு போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருடியவர் அதை வைத்து ஆடிப் பார்த்திருந்தால் இன்னும் சீக்கிரம் திரும்பியிருக்கும் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

காலநிர்ணயத்துக்கு வருவோம். மட்டை செய்யும் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர். 1982இல் வெளிவந்த அவருடைய ஐ டூ அயர்ன்களின் முகத்துக் கோடுகள் பின்னர் பெட்டி வடிவம் பெற்றன. கூர்விளிம்பு பந்தைக் கிழித்தது, விளிம்பை உருட்டினார்கள், உருட்டியதும் கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் விதிக்குக் குறைகிறது என்றது அமெரிக்கச் சங்கம். எங்கிருந்து அளப்பது என்ற மயிரிழைப் பிரச்சினைக்கு நீதிமன்றம் வரை போனார்கள். 1990இல் சமரசம்: அவ்வாண்டு ஏப்ரல் 1க்கு முன் செய்தவை செல்லும். தேதியை யாரும் வேண்டுமென்றே தேர்ந்ததாகச் சான்றில்லை.

2010இல் கோடுகளுக்குப் புதிய கட்டுப்பாடு வந்தது. ஐ டூவுக்கு மட்டும் பழைய சமரசம் காப்பு. டோரி பைன்ஸ் போட்டியில் ஃபில் மிக்கெல்சன் 20 வயதான ஐ டூ வெட்ஜோடு இறங்கினார். அது ஏமாற்று வேலை என்றார் சக ஆட்டக்காரர் ஸ்காட் மெக்காரன். பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு பிங் தன் சலுகையை விட்டுக்கொடுத்ததும் விவகாரம் அடங்கிற்று. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் ஒரு மட்டையின் தகுதி, அது எப்படி அடிக்கிறது என்பதில் இல்லை, எப்போது பிறந்தது என்பதில் இருந்தது. நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் உடனே பொறுப்பேற்றிருக்க வேண்டிய துறை. அவர்கள் கையில் கொடுத்திருந்தால் ஐ டூ கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்குப் போயிருக்கும்.

இறுதியாகத் தேய்மானக் கல்வெட்டியல். பழைய செட் ஒன்றை வெயிலில் சாய்த்துப் பிடிக்க. கைப்பிடி ரப்பர் இறுகிப் பளபளக்கும், அதை விடுக. முகத்தைப் பார்க்க. ஒன்பதிலும் வெட்ஜிலும் குரோம் போய், கோடுகள் மழுங்கி, காசளவு பழுப்பு வட்டம். ஏழில் வட்டம் பெரிது, நடுவை விட்டு நுனிப்பக்கம் ஒதுங்கியும் இருக்கும். ஐந்தில் வட்டம் வெளிறும். நான்கில் தேட வேண்டும். இரண்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

ஆனால் உரிமையாளரைக் கேட்டால், தம் காலத்தில் தமக்குக் கைவந்த மட்டை டூ அயர்ன்தான் என்பார். காற்றை எதிர்த்து 200 கஜம், தவறியதே இல்லை என்பார். கல்வெட்டும் வாய்மொழியும் முரண்படுமிடத்துக் கல்வெட்டையே கொள்க என்பது விதி. மட்டை அவர் கையில் இருக்கும்போது வாய்மொழியைக் கொள்க என்பது புறனடை.